நியூட்ரினோவுக்கு ரூ.1,500 கோடி... வாழைத்தண்டுக்கு எவ்வளவு? சுருளிப்பட்டிக்கு எட்டாத ஆராய்ச்சிப் பணம்

சுருளிப்பட்டி:

கம்பம் பள்ளத்தாக்கில் ‘ஆராய்ச்சி’ என்று வாயைத் திறந்தால் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நியூட்ரினோதான். மலையைக் குடையப் போறாங்க, அணைக்கு ஆபத்து, தண்ணி போயிரும் என்று பத்து வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் பேசாத டீக்கடை இல்லை. அந்தத் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2015 ஜனவரியில் ஒதுக்கிய தொகை ரூ.1,500 கோடி.

அதே ஜனங்களின் தோட்டத்தில் அறுவடை முடிந்து வெட்டிப் போட்ட வாழைத்தண்டு அழுகிக் கிடக்கிறது. மழையில் வெடித்த பன்னீர் திராட்சை பந்தலுக்கு அடியிலேயே கொட்டிக் கிடக்கிறது. வாழைத்தாருக்கு மாட்டிய பிளாஸ்டிக் உறை வாய்க்காலில் மிதக்கிறது. இதையெல்லாம் காசாக்க வழி கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு எவ்வளவு பணம் வருகிறது, யாருக்கு வருகிறது என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் சுருளிக்குத்தான் வந்தது!

நியூட்ரினோ கதையில் சுருளிப்பட்டிக்காரர்கள் பலர் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. ஆய்வகத்தை முதலில் கட்ட நினைத்தது நீலகிரி சிங்காராவில். யானை வழித்தடம், புலிகள் காப்பகம் என்று எதிர்ப்பு கிளம்பவே, 2009 நவம்பரில் அங்கே அனுமதி மறுக்கப்பட்டது. அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் மாற்று இடமாகக் கைகாட்டியது எங்கே தெரியுமா? சுருளி அருவிப் பக்கம்!

சுருளியும் காப்புக்காடு என்பதால் அந்த யோசனை நிற்கவில்லை. 2010 அக்டோபரில் போடி மேற்கு மலைக்கு அனுமதி கிடைத்தது. பொட்டிப்புரம் பெயர் ஊர் உலகமெல்லாம் அடிபட்டது அதற்குப் பிறகுதான். 2015-ல் ம.தி.மு.க. பொதுச் செயலாளர் வைகோ மதுரை ஐகோர்ட்டுக்குப் போனார்; தடை வந்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இந்தத் திட்டம் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்தது.

இதை வைத்து தேனி மாவட்டத்து ஜனங்கள் அறிவியலுக்கு எதிரி என்று டெல்லியில் சிலர் பேசினார்கள். அது சரியல்ல. இந்த மாவட்டத்தில் புது ரக வாழை வந்தால் முதல் ஆளாக நடுகிறவன் விவசாயி. சொட்டுநீர் பைப் வந்தபோதும் திசு வளர்ப்பு கன்று வந்தபோதும் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. தன் பொழைப்புக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லாத ஆராய்ச்சியைத்தான் சந்தேகப்பட்டான்.

ரூ.1,500 கோடியில் நூறில் ஒரு பங்கு ரூ.15 கோடி. அந்த ஒரு பங்கு கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டக்கழிவு ஆராய்ச்சிக்கு வந்திருந்தால்? சும்மா கேட்டு வைக்கலாம்.

‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்றால் என்ன?

பல்கலைக்கழகங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கருத்தரங்கம் போடுகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள். பெயர்தான் பெரிசு, விஷயம் பாட்டன் காலத்து விஷயம். நெல் அறுத்தால் வைக்கோல், வைக்கோல் மாட்டுக்கு, மாட்டுச் சாணி மறுபடி வயலுக்கு. எதுவும் வீணாகாது. ஒருத்தன் கழிவு இன்னொருத்தனுக்கு மூலப்பொருள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இது இன்னும் நடக்கிறது. இங்கே தொழுவில் சேரும் சாணி உரம் லாரி ஏறி குமுளி மலை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. அதை வாங்க ஆள் இருக்கிறது, விலை இருக்கிறது, புரோக்கர்கூட இருக்கிறார். ஒரு பேராசிரியரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் வாழைத்தண்டுக்கு அப்படி ஒரு சந்தை அமையவில்லை. ஏன் என்பதில்தான் என்ஜினீயரிங் வேலை ஒளிந்திருக்கிறது.

தண்டில் 90 சதவீதம் தண்ணி

வாழை ஒரு தார்தான் போடும். தார் வெட்டியதும் அந்த மரத்தின் வேலை முடிந்தது. ஒரு ஹெக்டேர் வாழைத்தோட்டத்தில் 60 டன் முதல் 80 டன் வரை தண்டுக்கழிவு சேரும் என்பது வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு. ஏக்கருக்குப் பார்த்தால் 24 டன்னுக்குக் குறையாது. சின்னமனூர், கம்பம், கூடலூர் பக்கம் எத்தனை ஏக்கர் வாழை நிற்கிறது என்று யோசித்தால் மலைப்பாக இருக்கும்.

அந்தத் தண்டில் நார் இருக்கிறது. கயிறு திரிக்கலாம், பை பின்னலாம், காகிதம் செய்யலாம், துணியே நெய்யலாம். தண்டுச் சாற்றில் பொட்டாஷ் சத்து இருக்கிறது, உரமாகும். மிச்சச் சக்கையை மண்புழு உரமாக்கலாம். அப்புறம் ஏன் யாரும் செய்யவில்லை?

எடைதான் வில்லன். தண்டு எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணி. ஒரு ஏக்கர் தண்டை 25 டன் என்று லாரியில் ஏற்றினால், அதில் 22 டன்னுக்கு மேல் சும்மா தண்ணியைத்தான் சுமக்கிறோம். ஏற்றுகூலி, இறக்குகூலி, டீசல் எல்லாம் சேர்த்தால் நார் விற்ற காசு லாரிக்காரருக்கே சரியாப்போகும்.

ஆகவே தண்டு மில்லுக்குப் போகக்கூடாது. மில் தண்டுக்கு வர வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே இழுத்து வரக்கூடிய மெஷின், டீசலிலோ டிராக்டர் இழுவையிலோ ஓட வேண்டும், இரண்டு ஆள் இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கை மாட்டாமல் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நார் உரிக்கும் மெஷின்கள் சந்தையில் இருக்கின்றன. ஆனால் பல மெஷின்களில் தண்டைப் பட்டை பட்டையாக உரித்து ஒரு ஆள் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கொடுக்க வேண்டும். வேகம் கம்மி, ஆபத்து ஜாஸ்தி. நாள் கூலி கொடுத்து இதைச் செய்தால் கட்டுபடி ஆகாது.

இதைச் சரி செய்வது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஒரு அரசு என்ஜினீயரிங் கல்லூரியின் மெக்கானிக்கல் பிரிவு, இரண்டு மூன்று வருஷம், தொடர்ந்து பணம், பக்கத்தில் ஒரு லேத் பட்டறை, சோதித்துப் பார்க்க ஒரு விவசாயி தோட்டம். போடியில் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி 1990-ல் இருந்து இருக்கிறது. திராட்சைக்கு என்றே ஆனைமலையன்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருளிப்பட்டியில் இருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. இடத்துக்குக் குறைவில்லை.

குஜராத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகத்துக்கு, உலக வங்கி கடனில் நடந்த தேசிய வேளாண் புதுமைத் திட்டம் மூலம் வாழைத்தண்டு ஆராய்ச்சிக்கு என்றே பணம் வந்தது. நார் மட்டும் பார்க்காமல் தண்டுச் சாற்றை வடித்து திரவ உரமாக்கினார்கள். நாரில் துணி, காகிதம், சக்கையில் மண்புழு உரம், நடுத்தண்டில் மிட்டாய் என்று ஒன்றையும் விடவில்லை. நார் மட்டும் விற்றால் நஷ்டம். நாலையும் சேர்த்து விற்றால்தான் கணக்கு நேராகும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

நம்ம பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டம் மேலக்காலைச் சேர்ந்த முருகேசன் வாழைநாரில் கயிறு திரிக்க சொந்தமாக மெஷின் செய்து தொழில் நடத்துகிறார். பிரதமர் மோடி 2021-ல் வானொலிப் பேச்சில் அவர் பெயரைச் சொன்னார். சைக்கிள் சக்கரத்தில் ஆரம்பித்த யோசனை அது. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கிராமத்துக்காரர் கைக்காசு போட்டுச் செய்திருக்கிறார் என்றால் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

மதுரைப் பேராசிரியர் போட்ட தார் ரோடு

கல்லூரி ஆராய்ச்சியால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள் தேனியில் பஸ் ஏறி மதுரை வரை போய் வந்தால் போதும். அங்கே தியாகராசர் என்ஜினீயரிங் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்.வாசுதேவன். ‘பிளாஸ்டிக் மனிதர்’ என்று பெயர் வாங்கியவர். தெருவில் கிடக்கும் கேரிபேக், பிஸ்கட் கவரை வைத்து ரோடு போடலாம் என்று கண்டுபிடித்தார்.

முறை எளிது. பிளாஸ்டிக்கை நன்றாகத் துண்டு துண்டாக அரைக்க வேண்டும். ரோட்டுக்குப் போடும் ஜல்லியை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி அதன் மேல் தூவினால், அரை நிமிஷத்தில் உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும். அதற்கு மேல் தார் ஊற்றிக் கலந்தால் ஜல்லியும் தாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மழைத்தண்ணி உள்ளே இறங்காது. குழி விழுவது குறையும். தாரும் சுமார் 10 சதவீதம் மிச்சம். 3.75 மீட்டர் அகல ரோடு ஒரு கிலோமீட்டர் போட்டால் ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் கழிவு தீரும். பி.வி.சி. மட்டும் சேர்க்கக் கூடாது. சூட்டில் விஷப்புகை வரும்.

2002-ல் கல்லூரி வளாகத்திலேயே முதல் ரோடு. 2006-ல் கல்லூரி பெயரில் காப்புரிமை. 2015 நவம்பரில் மத்திய அரசு, 5 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தேசிய நெடுஞ்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக் கட்டாயம் என்று உத்தரவிட்டது. 2018-ல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ.

அந்த 50 கிலோமீட்டர் வட்டத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் 5 லட்சம் ஜனத்தொகை உள்ள நகரம் மதுரைதான். அது 100 கிலோமீட்டருக்கு அப்பால். உத்தரவு எழுதிய பேனா கம்பம் வரை நீளவில்லை! சுருளி அருவிக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வரும் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் என்னமோ நகரத்துப் பிளாஸ்டிக்தான். கிராமச் சாலைத் திட்டங்களில் பிளாஸ்டிக் சேர்க்க வழி இருக்கிறது, ஒன்றியங்களில் அரவை மெஷினும் வந்தது. ஆனால் அது அந்தந்த அதிகாரி அக்கறையைப் பொறுத்த விஷயமாகவே ஓடுகிறது.

இன்னொன்று. பிளாஸ்டிக் ரோடு தேய்ந்தால் நுண்துகள் மண்ணில் கலக்குமா என்ற கேள்வி இப்போது உலகம் பூராவும் எழுந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லவும் ஆராய்ச்சிதான் வேண்டும். ஒரு தடவை கண்டுபிடித்ததோடு முடிகிற வேலை இல்லை இது.

வாசுதேவன் ஐ.ஐ.டி.யில் இருந்தவர் இல்லை. மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இருந்தவர். மூலப்பொருள் அரைத்த பிளாஸ்டிக், ஜல்லி, தார், அடுப்பு. இப்போது நாட்டில் ஆராய்ச்சிப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

நூறு ரூபாயில் 64 காசு

இந்தியா மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவு செய்கிறது. 2020-21 ஆண்டுக்கான அரசுக் கணக்கு இது. நூறு ரூபாய் சம்பாதித்தால் 64 காசு. சீனா அந்தச் சமயம் 2 ரூபாய் 40 காசு போட்டது. தென்கொரியா 4 ரூபாய்க்கு மேல்.

அந்த 64 காசையும் எப்படிப் பங்கு போடுகிறார்கள்? அறிவியல், என்ஜினீயரிங் ஆராய்ச்சி வாரியம் கொடுத்து வந்த பணத்தில் சுமார் 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்கே போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது 11 சதவீதம் என்று 2023-ல் மத்திய அரசுத் தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள். நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அதன் கீழ் உள்ள கல்லூரிகளிலும்தான். பந்தியில் கூட்டம் ஒரு பக்கம், சோறு இன்னொரு பக்கம்.

இதைச் சரி செய்யத்தான் என்று சொல்லி 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 5 ஆண்டில் ரூ.50 ஆயிரம் கோடி என்று அறிவிப்பு. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அதில் அரசு தருவது ரூ.14 ஆயிரம் கோடி. மீதி ரூ.36 ஆயிரம் கோடி கம்பெனிகளிடமும் கொடையாளர்களிடமும் திரட்ட வேண்டியது. கம்பெனி எதற்குக் காசு போடும்? தனக்கு லாபம் வரும் இடத்தில் போடும். செல்போன் சிப்புக்கும் மருந்துக்கும் போடுவார்கள். சுருளிப்பட்டி வாழைத்தண்டுக்கு எந்த முதலாளி முன்வருவார்?

பெரிய நிறுவனம் ஒன்றை நடுவில் வைத்து மாநிலப் பல்கலைக்கழகங்களை அதைச் சுற்றிச் சேர்க்கும் திட்டமும் அந்த அறக்கட்டளையில் வந்துள்ளது. நல்ல யோசனைதான். ஆனால் தலைப்பை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. நடுவில் இருப்பவர் சொல்வதை சுற்றி இருப்பவர் செய்வது என்று போனால், பழைய குருடி கதவைத் திறடி.

2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை இன்னொரு ரூ.1 லட்சம் கோடி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பரில் பிரதமர் தொடங்கி வைத்தார். இது தனியார் கம்பெனிகளுக்குக் குறைந்த வட்டியிலோ வட்டி இல்லாமலோ நீண்டகாலக் கடன் தருவது. ஆய்வகத்தில் ஓரளவு தேறிய தொழில்நுட்பத்துக்குத்தான் கிடைக்கும். கன்றுக்குட்டியை வளர்க்கப் பணம் இல்லை, கறவை மாட்டுக்குத் தீவனம் உண்டு என்பது மாதிரி. வளர்க்கிற வேலை கல்லூரியின் வேலை. அங்கேதான் ஓட்டை.

சம்பளத்துக்கே திண்டாட்டம்

தேனி மாவட்டக் கலைக்கல்லூரிகள் பலவற்றுக்குத் தாய்வீடு மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். 1966-ல் ஆரம்பித்தது. உயிரியல் துறைகளில் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் பேர் போனது. அந்தப் பல்கலைக்கழகத்தில் 2023, 2024 ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் நிலுவை விழுந்து, பேராசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தன் வீட்டு மளிகைக் கடன் எப்போது அடைபடும் என்று தெரியாத பேராசிரியர், திராட்சைக் கழிவில் என்ன எடுக்கலாம் என்று எந்த மனசோடு மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பார்?

இதில் வரி வேறு. ஆராய்ச்சிக்கு வாங்கிய மானியத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டு என்று 2024-ல் டெல்லி ஐ.ஐ.டி. உள்பட சில கல்வி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் பறந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்த செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்கு கொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

திட்டத்தில் வேலை செய்ய எடுக்கும் இளம் ஆராய்ச்சியாளருக்கு மத்திய அரசு விதிப்படி மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் இருந்து ரூ.37 ஆயிரம். அந்தப் பணமும் மாதாமாதம் வருவதில்லை என்று நாடு பூராவும் ஆராய்ச்சி மாணவர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். கூலிக்காரனுக்கு சாயங்காலம் கூலி. இவர்களுக்கு எப்போது வருமோ அப்போது.

மாநில அரசுத் தரப்பில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கடைசி வருஷ மாணவர்களின் புராஜெக்டுக்குப் பணம் தருகிறது. ஒரு புராஜெக்டுக்கு சில ஆயிரம் ரூபாய். அதில் மோட்டார், இரும்பு வாங்கி வெல்டிங் கூலி கொடுத்தால் தீர்ந்தது. மாணவர் மெஷினைச் செய்து காட்டுவார், மார்க் வாங்குவார், போய்விடுவார். மெஷின் கல்லூரி மூலையில் துருப்பிடிக்கும். அடுத்த வருஷம் வேறொரு பையன் அதையே முதலில் இருந்து ஆரம்பிப்பான். எந்த என்ஜினீயரிங் கல்லூரி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போனாலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. பணம் கம்மி என்பதைவிட தொடர்ச்சி இல்லை என்பதுதான் பெரிய வியாதி.

பன்னீர் திராட்சை என்ன ஆகும்?

சுருளிப்பட்டி என்றால் அருவிக்கு அடுத்தபடி திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டு வந்த ரகம் என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சைக்கு, கம்பம் பெயரிலேயே 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூரா ஏதோ ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். அது இந்த மண்ணின் வரம்.

வரத்தோடு சாபமும் உண்டு. பன்னீர் பழம் தோல் மெல்லிசு. ரொம்ப நாள் தாங்காது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், அழுகும். வெளிமாநில விதையில்லாத் திராட்சை சந்தையில் குவிந்தால் விலை விழும். அப்போது வெட்டுகூலிக்குக்கூட கட்டுபடி ஆகாமல் கொடியிலேயே விட்டுவிடுகிற தோட்டங்கள் உண்டு. வெட்டு இல்லை என்றால் பெட்டி அடுக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. லோடு ஏற்றுகிறவருக்கு வேலை இல்லை. நஷ்டம் தோட்டக்காரர் வீட்டோடு நிற்பதில்லை.

வெடித்த பழத்தில் சாறு எடுக்கலாம், வினிகர் ஆக்கலாம். சாறு பிழிந்த தோலில் நிறமி எடுக்கலாம். விதையில் எண்ணெய் எடுக்கலாம். ஒயின் தயாரிக்கும் நாடுகளில் பிழிந்த சக்கையைக்கூட வீணாக்குவதில்லை. பன்னீர் பழத்தில் விதை இருக்கிறது என்பது சாப்பிடுகிறவருக்குக் குறை. எண்ணெய் எடுக்கிறவருக்கு அதுதான் சரக்கு. கவாத்து பண்ணி வெட்டிப் போடும் குச்சியை இப்போது பல இடங்களில் தீ வைக்கிறார்கள். அதைத் தூளாக்கி உரமாகவோ, கரியாக்கி மண்ணில் கலக்கவோ முடியும்.

ஆனால் எந்த அளவு? சின்ன மெஷின் போதுமா, பெரிய ஆலை வேண்டுமா? வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? மருந்தடித்த பழத்தில் விஷ எச்சம் எவ்வளவு இருக்கும், அதைச் சாறாக்கினால் கூடுமா, குறையுமா? கொடிக்கு அடிக்கடி மருந்து தெளிக்கிற ஊரில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் ஒரு பாட்டில் ஜூஸ்கூட விற்க முடியாது. இதற்கெல்லாம் ஆய்வகம் வேண்டும், வருஷக்கணக்கில் அளந்து பார்க்கும் ஆள் வேண்டும். ரகம், பந்தல், நோய் என்று பழம் பழுக்கும் வரைக்குமான ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. பழம் அழுகிய பிறகு என்ன என்பதற்கும் அதே அளவு காசு வேண்டும்.

லாபம் யாருக்குப் போகும்?

தொழிலாளிகள் பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு கேள்வி உண்டு. பிளாஸ்டிக் ரோட்டுக்கு பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுப்பது யார்? காலையில் தெருத்தெருவாக வண்டி தள்ளும் தூய்மைக் காவலர்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கை படாமல் சுழற்சியும் இல்லை, பொருளாதாரமும் இல்லை. ஆனால் ஆராய்ச்சி அறிக்கைகளில் டிகிரி வரும், டன் வரும், சதவீதம் வரும். அந்தப் பெண்களின் கூலி வராது. பிரிக்கும்போது ஊசி குத்தினால், பூச்சிமருந்து டப்பாவைத் தொட்டால் என்ன ஆகும் என்பது வராது. தோட்டத்தில் காலியாகிக் கிடக்கும் மருந்து டப்பாக்களை என்ன செய்வது என்று ஒழுங்கான வழி ஒன்று கண்டுபிடித்தால், அது நூறு கருத்தரங்கத்துக்குச் சமம்.

நார் மெஷின் வந்தாலும் இதே கதைதான். மெஷின் ஒரு முதலாளி கையில் இருந்தால் தண்டு இலவசம், நார் காசு, தொழிலாளிக்கு அதே நாள் கூலி. மகளிர் குழு கையிலோ உழவர் உற்பத்தியாளர் கம்பெனி கையிலோ இருந்தால் கணக்கு மாறும். மெஷின் ரூ.50 ஆயிரத்தில் முடிகிற மாதிரி வடிவமைப்பதா, ரூ.10 லட்சத்தில் வடிவமைப்பதா என்பதை ஆய்வகத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். யார் வாங்க முடியும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும்போது விண்ணப்பத்தில் பேராசிரியர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று கேட்கிறார்கள். எத்தனை தோட்டத்தில் மெஷின் ஓடியது என்றும் ஒரு கட்டம் போட்டால் என்ன? ஐரோப்பிய நாடுகள் 2021 முதல் 2027 வரை ஆராய்ச்சிக்கு முதலில் 95.5 பில்லியன் யூரோ ஒதுக்கின. அங்கே பல திட்டங்களில் பல்கலைக்கழகம், கம்பெனி, ஊராட்சி மாதிரியான உள்ளூர் அமைப்பு எல்லாம் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, சரி. கூட்டாக விண்ணப்பிக்கச் சொல்வதற்குப் பணம் தேவையில்லையே.

போடி என்ஜினீயரிங் கல்லூரியும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டி நிலையமும் ஒரே மாவட்டத்தில், ஒரு பஸ் மாறினால் போகிற தூரத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கட்டடம் அண்ணா பல்கலைக்கழகப் பக்கம், இன்னொன்றுக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகம். கோப்பு ஒன்று சென்னைக்கும் ஒன்று கோவைக்கும் போகும். மெஷின் தெரிந்தவர் ஒரு பக்கம், வாழை தெரிந்தவர் இன்னொரு பக்கம். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, மூன்று வருஷத்துக்கு நிற்காத பணத்தைக் கொடுத்து, சோதனைத் தோட்டத்தை சுருளிப்பட்டியிலோ நாராயணத்தேவன்பட்டியிலோ வைக்கும் வேலையை மாவட்ட நிர்வாகமே ஆரம்பித்து வைக்கலாம்.

கல்லூரிகளில் கடைசி வருஷ மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பு தேடி இன்டர்நெட்டில் துழாவுவது வருஷா வருஷம் நடக்கிறது. வாழை வெட்டி முடிந்த தோட்டம் சுருளிப்பட்டி ரோட்டோரம் எந்த மாசம் வந்தாலும் கிடக்கும். தண்டை எடுத்துப் போக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்பார் தோட்டக்காரர்.